மாமி சொன்ன பின்னல்

"மாமி, மடு மாதா திருவிழாவுக்கு நாங்கள் வாறம். நூலும் கொண்டுவாறன். உங்களுக்குப் பக்கத்தில இருந்து பின்னோணும் எண்டு எனக்குச் சரியான ஆசை" என்றாள் கனடாவிலிருந்து போனில் மருமகள் ஜெனுஷா.

பேசாலையில் அருளம்மாவின் கையிலிருந்த பாரைமீன் நழுவிச் சட்டிக்குள் விழுந்தது.

"ஓம் பிள்ளை, வாங்கோ வாங்கோ" என்றாள். வேறு என்னத்தைச் சொல்வது?

அருளம்மாவுக்குப் பின்னத் தெரியாது. பேசாலை வெயிலுக்குள் யாருக்குத்தான் தெரியும்? பேரன் பிறந்த நேரம் கோயில் பங்குச் சனத்தோடு நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனவள், அங்கே ஒரு சின்னச் சுவெற்றர் வாங்கி, லேபலைப் பிளேட்டால் வெட்டி எறிந்துவிட்டு, "என்ர கையால பின்னினது" என்று அனுப்பிவிட்டாள். சம்பந்தி வீட்டார் பிள்ளைக்குச் சங்கிலி போட்டிருந்தார்கள். இவளுக்கும் ஒரு மானம் இருக்கிறதல்லவா?

அதோடு கதை முடிந்திருக்கலாம். "எனக்கும் சொல்லித் தாங்கோ மாமி" என்று சுவெற்றர் கிடைத்த அன்றே ஜெனுஷா பிடித்துக்கொண்டாள். போனைக் காதில் வைத்தபடி அருளம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். முற்றத்தில் புருஷன் வின்சன்ட் கிழிந்த மீன்வலையைப் பின்னிப் பொத்திக்கொண்டிருந்தார். கண்டதை அப்படியே சொன்னாள்.

"புதுசாப் பழகிறவை நூலைக் கால் பெருவிரலில கொழுவோணும் பிள்ளை. கண்ணுக்குக் கண் முடிச்சுப் போடோணும். இல்லாட்டி இழுபட்டுப் போயிடும்."

"நல்லாப் பழகினவை, மாமி?"

வின்சன்ட் வாயைக் குதப்பிக்கொண்டிருந்தார்.

"அவை வெத்திலை போட்டுக்கொண்டு பின்னுவினம்."

சில நாளில் ஒரு நீலச் சுவெற்றரின் படம் வந்தது. கை, கழுத்து எல்லாம் அச்சொட்டு. அடுத்ததில் நெஞ்சில் ஒரு மானே நின்றது. "எல்லாம் உங்கட யோசனைதான் மாமி" என்றும் எழுதியிருந்தாள். அருளம்மா வாயில் கை வைத்தாள். தனக்குள் இப்படியொரு கெட்டித்தனம் இருந்தது இத்தனை காலம் தனக்கே தெரியாமல் போய்விட்டதே!

இப்போது அவள் நேரிலேயே வரப்போகிறாள். அன்று பின்னேரமே அருளம்மா போன் எடுத்தாள்.

"பிள்ளை, எனக்கு விரலெல்லாம் ஒரே உழைவு. இனிப் பின்ன ஏலாது."

"பாவம் மாமி! அப்ப நீங்கள் சொல்லுங்கோ, நான் பின்னுறன். வீடியோவும் எடுப்பம்."

அருளம்மா அவசரப்பட்டாள். "என்னத்துக்குப் பிள்ளை? பேரனுக்கு ஒண்டு நான் ஏற்கெனவே பின்னி முடிச்சு வச்சிருக்கிறன்."

"இந்த விரல் நோவோடயோ மாமி!" ஜெனுஷா அழுதே விட்டாள்.

போனை வைத்தபிறகு அருளம்மாவும் அழலாமா என்று யோசித்தாள். இல்லாத சுவெற்றரை எங்கே போய் எடுப்பது? மானம் கப்பலேறப் போகிறது. அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. தன் யோசனையைக் கேட்டு மருமகள் மானே பின்னுகிறாள் என்றால், சொல்லிக் கொடுத்தவளுக்கு வராதா?

மன்னார் ரவுணில் நூல் வாங்கி வந்து, பெருவிரலில் கொழுவி, தான் சொன்னதை ஒன்றும் விடாமல் செய்தாள். வெற்றிலையும் போட்டாள். முடிந்ததும் புருஷனிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

வின்சன்ட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கண் பெரிசு. இதில சின்ன மீன் நிக்காது."

"இது சட்டையப்பா!"

"சட்டையெண்டாலும் கண் பெரிசு. இஞ்ச விடும், நான் சரிப்பண்ணித் தாறன்."

அவர் இரண்டு நாள் இருந்து சரிப்பண்ணினார். இப்போது அது சந்தேகத்துக்கு இடமில்லாத வலை. அடியில் ஈயமும் கட்டியிருந்தார்.

"சேசுவே! இதென்னத்துக்கு?"

"காத்துக்குத் தூக்காது. வடிவா இறங்கும்."

அருளம்மா ஈயத்தை அறுத்து முடிக்கவும் படலை வாசலில் கனடாக்காரரை ஏற்றிவந்த வான் நிற்கவும் சரியாக இருந்தது.

இறங்கியதும் இறங்காததுமாக ஜெனுஷா அதை வாங்கிப் பேரனுக்குப் போட்டாள். அவன் சட்டைக் கையைத் தேடிக் கையை நீட்டினான். அது நெஞ்சுப் பக்கத்துக் கண்ணொன்றால் வெளியே வந்தது. ஜெனுஷா ஒரு முடிச்சைத் தொட்டாள். இன்னொன்றைத் தொட்டாள். அவள் கண் கலங்கிவிட்டது.

அருளம்மா கிட்டப் போனாள். போதும், சொல்லித் தொலைப்போம். "பிள்ளை, குறை நினையாதேங்கோ, நான் ஒரு உண்மையைச் சொல்லோணும்..."

சூட்கேசை இழுத்துக்கொண்டு வந்த மகன் ஜெனிஸ்ரன் பிள்ளையை ஒருதரம் பார்த்தான். தாயைப் பார்த்தான். பிறகு பெண்சாதியின் பக்கம் திரும்பினான்.

"அம்மா பின்னினாலும் இப்பிடித்தான் வருமெண்டா, நீர் என்னத்துக்கப்பா கடை கடையாத் திரிஞ்சு சுவெற்றர் வாங்கி லேபல் வெட்டினனீர்? நீர் பின்னினதெல்லாம் அங்க பொடியளின்ர ஹொக்கி கோல் போஸ்ற்றில வலையா அநியாயமாத் தொங்குது!"