சோப்புத் தண்ணீர் சொன்ன பொய்

பல் விளக்காமல் வந்தால்தான் பலிக்குமாம். அதனால் விடிந்ததும் விடியாததுமாக அந்தத் தெருவில் இருநூறு பேர் ஊத்தை வாயோடு வரிசை கட்டி நின்றார்கள். நாய்கூட எதிர்ச்சாரியில் போயிற்று.

மாடியில் வாய்மையார் கடை. அவர் 'வாய்நீர்' என்று விற்கும் கொப்பளிக்கிற தண்ணீர் நாற்பது நாட்டில் போகிறதாம். சுவரில் உலகப் படம், விற்கிற இடமெல்லாம் குண்டூசி. நடுக்கடலிலும் நாலைந்து குத்தியிருந்தது. மீனுக்கும் வாய் உண்டல்லவா!

நாம் சொன்ன பொய் பல்லிடுக்கில் தங்கிவிடுகிறதாம். பல்வலி முதல் கல்யாணத் தடை வரை எல்லாம் அதனால்தானாம். வாய்நீரைக் கொப்பளித்து அங்கிருக்கும் வெள்ளைப் பேசினில் துப்பினால் பீட்ரூட் சாறு மாதிரி சிவக்கும். அதுதான் பொய். ஏழு பாட்டில் முடிந்தால் நிறமில்லாமல் வரும், நோயும் போகும்.

குழாய்க்காரருடைய மனைவிக்குக் கன்னம் பன் மாதிரி வீங்கி நாலு நாள். காய்ச்சல் வேறு. "உள்ளே சீழ் கட்டியிருக்கு. இன்னிக்கே பல்லைப் பிடுங்கணும், விட்டா உயிருக்கே ஆபத்து" என்றார் பல் டாக்டர். அந்த அம்மாள் மூன்றாவது பாட்டிலோடு வரிசையில் நின்றாள், டாக்டரிடம் இழுத்துப் போக வந்த புருஷன் பக்கத்தில்.

"நேத்தும் சிவப்புதாங்க. உங்க அக்கா சமையல் பிரமாதம்னு பதினெட்டு வருஷமா சொன்னேன்ல, அந்தப் பொய்தான்."

"அடிப்பாவி! ஏழு பாட்டில் முடியறதுக்குள்ள நீ முடிஞ்சிடுவடி!"

"ஏழும் முடியட்டும். அப்புறம் டாக்டர்கிட்ட வர்றேன்."

அந்த நேரம் பார்த்துப் பேசின் அடைத்துக்கொண்டது. ஊர்ப் பொய் மொத்தமும் இறங்கினால் எந்தக் குழாய் தாங்கும்? குழாய்க்காரரையே கூப்பிட்டார்கள்.

அடைப்பை எடுத்தார். வாய்மையாரின் மைத்துனர், எந்த ஆள் துப்புவதற்கு முன்னாலும் செய்வதுபோல, ஓர் ஈரத்துணியால் பேசினைத் துடைத்தார். "முடிஞ்சுதா?"

"இருங்க, ஒழுகுதான்னு பாத்துடறேன்." இருபது வருஷப் பழக்கம்: சோப்புத் தண்ணீரை ஊற்றி, கீழே குழாய் மூட்டில் நுரை எட்டிப் பார்க்கிறதா என்று பார்ப்பார். ஊற்றினார். நுரை வரவில்லை.

பேசின் சிவந்தது!

"ஐயா, சோப்பு என்ன பொய் சொல்லுச்சு?"

"அழுக்கு போயிடுச்சுன்னு சொல்லியிருக்கும்!" என்றது வரிசையில் ஒரு குரல். சிரிப்பு மாடிப்படி வரை இறங்கியது.

"குழாயில் மிஞ்சிய பாவம், மகனே" என்றார் வாய்மையார்.

"சரிங்க. ஏம்மா, இந்த வாளியில துப்பு."

மனைவி கொப்பளித்துத் துப்பினாள். இருநூறு தலையும் வாளிக்குள் எட்டிப் பார்த்தன. நிறமே இல்லை.

"என்னங்க, சுத்தமா வந்துடுச்சு!"

"மூணு பாட்டில்லயே உத்தமி ஆயிட்ட." பேசினை வெள்ளையாக அலசிவிட்டு, மைத்துனர் கையிலிருந்த துணியைப் பிடுங்கித் துடைத்து, வாளியை அதில் கவிழ்த்தார். பீட்ரூட்! "வாளியில உத்தமி, பேசின்ல பொய்க்காரி. வித்தை வாயில இல்லைங்க, துணியில இருக்கு."

துணியிலேயே சோப்புத் தண்ணீரை விட்டார். துணியும் சிவந்தது: அதில் தடவிய ஏதோ ஒன்று சோப்பு பட்டாலும் சிவக்கும், வாய்நீர் பட்டாலும் சிவக்கும்; ஏழாவது பாட்டிலுக்கு மட்டும் வெறும் துணி போலும். மைத்துனர் வெளுத்தார்.

"பாட்டில்ல அரசாங்க முத்திரை இருக்கேய்யா!" என்று ஒருவர் அழாத குறை.

கண்ணாடி போட்ட தையல்காரம்மா பொடி எழுத்தைப் படித்தாள்: "'வாசனைப் பொருள். மருந்தன்று.' மருந்துன்னு எழுதினா சோதிச்சுப் பாப்பாங்க. வாசனைன்னா கேள்வி கிடையாது."

அதிகாரி வந்தால் வாசனை, ஆள் வந்தால் மருந்து! திரும்பிப் பார்த்தால் வாய்மையாரைக் காணோம். பின்பக்கப் படியில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நாற்பத்தோராவது நாட்டுக்குக் கிளம்பிவிட்டார் போல.

மத்தியானத்துக்குள் பல் வெளியே வந்தது. வாயில் பஞ்சோடு மனைவி சொன்ன முதல் வார்த்தை: "உங்க அக்கா சமையல் வாயில வைக்க முடியாதுங்க." பேசின் இல்லாமலே உண்மை வந்துவிட்டது.

பல்லில் சொத்தை இருந்தால் பிடுங்க டாக்டர் இருக்கிறார். புத்தியில் இருந்தால், அய்யா, அதை நாமேதான் பிடுங்கிப் போட வேண்டும். கொஞ்சம் வலிக்கும். பரவாயில்லை.