ராஜவேலு சாரின் இடது காது

சிலை செய்யத் தெரியும் என்று நான் சொன்னது பொய்யில்லை. பத்தே நாளில் முடித்துத் தருவேன் என்று சொன்னதுதான் பொய்.

1978. திருவண்ணாமலையில் ஓவிய ஆசிரியர் வேலை, செங்கம் ரோட்டில் வாடகை அறை. பள்ளிக்கூடம் விட்டால் மறுநாள் காலை வரை என்னிடம் பேச ஊரில் ஒரு ஆள் கிடையாது. (தெருநாய்கூட ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களிடம்தான் வாலாட்டும், பிஸ்கட் அவர்களிடம் இருந்தது.) வீட்டுக்காரர் ராஜவேலு சார், தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் பெங்களூரில். நான் சிற்பமும் படித்தவன் என்று கேள்விப்பட்டதும் வந்து நின்றார்.

"வாத்தியாரே, செத்தப்புறம் வெக்கற சிலைய நான் பாக்க முடியாதில்ல? இப்பவே ஒண்ணு பண்ணுங்க."

அவர் வீட்டுக் கூடத்தில் களிமண்ணில் ஆரம்பித்தேன். தினமும் சாயங்காலம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார். நான் மண்ணை அப்புவேன். காபி வரும், சில நாள் உப்புமாவும். கிளம்பும்போது சிலைக்கு ஈரத்துணி போர்த்திவிட்டு வருவேன். மறுநாள் துணியை எடுத்தால் இடது காது கீழே கிடக்கும்.

"மண்ணுல பசை கம்மிங்க" என்பார் கவலையோடு. கீழ்பென்னாத்தூர் ஏரி மண்ணைக்கூட பஸ்ஸில் போய்க் கொண்டுவந்தோம். காது நிற்கவில்லை. படித்த படிப்பே வீண் என்று நொந்துபோனேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. (சிலை முடிந்துவிட்டால் சாயங்காலம் எங்கே போவது?) அபூர்வமாகக் காது நின்ற ஒருநாள் பயந்துபோய், அவர் காபி போட உள்ளே போன நேரம் மூக்கைச் சீவிவிட்டேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

நான்காவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். சாயங்காலம் நான் போனதும் துணியை விலக்கிக் காட்டினார்.

"ஏம்ப்பா, காலைல நீங்கதான காத பிச்சீங்க? நான் பாத்தேனே!"

சார் முகம் சிவந்து என் பக்கம் கையை நீட்டினார்.

"நான் காதோட நிறுத்திக்கிட்டேன். மூக்க நறுக்கறது யாருன்னு வாத்தியாரையே கேளு. சமையல்கட்டு ஜன்னல்ல பாத்துட்டுதான் இருக்கேன்."

இரண்டு பேரும் தரையைப் பார்த்தபடி நின்றோம். மகள் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அழுதுவிட்டார்.

"இவ்ளோ தனியாவா இருந்தீங்க? போதும்பா, என்கூட வந்துடுங்க."

யாரும் கெடுக்காததால் சிலை இரண்டே நாளில் முடிந்தது. அச்சு அசலாக இருந்தது. அதைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு, அந்த வாரமே சார் பெங்களூர் போனார். அன்று பூட்டியிருந்த கூடத்தைப் பார்த்து நானும் அழுதேன்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து கார்டு வந்தது. இன்றும் வீட்டில் யாராவது ஒரு வேலையைச் சட்டென்று முடித்துவிட்டால், என் பிள்ளைகள் அதை ஒப்பித்துத்தான் கேலி செய்வார்கள்:

"இங்கே ஸ்டூடியோவில் ஒருவன் என்னைப் போட்டோ எடுத்தான். ஒரே நிமிஷத்தில் எழுந்து போகச் சொல்லிவிட்டான். தொழில் தெரியாதவன்."