பதினேழாம் வரிசைக் குவாட்டர்பேக்

விளையாட்டு வீரர்களில் இரண்டு வகை உண்டு. மைதானத்துக்குள் இறங்கி விளையாடுகிறவர்கள் முதல் வகை. அவர்களைப் பற்றி எழுதப் பத்திரிகைகளில் தனிப் பக்கமே இருக்கிறது. இரண்டாம் வகையினர், பெற்ற பிள்ளையின் விளையாட்டைப் பார்வையாளர் வரிசையில் இருந்தபடி தாங்கள் விளையாடுகிறவர்கள். தலைக்கவசம் இல்லை, சம்பளம் இல்லை, ஆனால் அடி முழுவதும் இவர்களுக்குத்தான் படுகிறது. இவர்களைப் பற்றி நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

உதாரணத்துக்கு எங்கள் கிறிஸ்தோப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னாரில் பிறந்து, மொன்றியலுக்கு வந்து, நோத்ர-டாம்-த-கிரேஸில் மூன்றாம் மாடியில் குடியிருந்து, லொங்குய்யில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறவர். மகன் டனிஸ்ரன் பதின்மூன்று வயதில் ஒருநாள் வந்து, "அப்பா, நான் ஃபுட்போல் ரீமிலை சேர்ந்திட்டன்" என்றபோது மனிதர் உதைபந்தாட்டம் என்று நினைத்துச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். போய்ப் பார்த்தால் பந்து முட்டை வடிவில் இருந்தது. அதைக் கையால் எறிந்தார்கள். எறியாத நேரத்தில் ஒருவரையொருவர் போட்டு அமத்தினார்கள். இதில் என்ன விளையாட்டு என்று கேட்டுக்கொண்டே வீடு வந்தவர், பயிற்சியாளர் டனிஸ்ரனைக் குவாட்டர்பேக் ஆக்கிய நாளில் ஞானம் பெற்றார். பந்து முதலில் குவாட்டர்பேக்கின் கைக்குத்தான் வருமாம். அதை எறிவதா, கொடுப்பதா, தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று அவன்தான் முடிவெடுப்பானாம். மற்றப் பதினொரு பேரும் அவன் சொற்படிதானாம். தன் வீட்டில் ஒரு முடிவையும் எடுத்தறியாத கிறிஸ்தோப்பருக்கு இந்த விளையாட்டுப் பிடித்துப் போனதில் அதிசயம் உண்டா?

மூன்றே வருடத்தில் அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. யூடியூப்பில் பார்த்தார், கொப்பியில் அம்புக்குறி போட்டார், மேசையில் மிளகாய்த்தூள் போத்தலையும் உப்புப் போத்தலையும் எதிரெதிரே நிறுத்தி வியூகம் வகுத்தார். சோறு எடுத்து வைத்த மனைவி யோசெப்பின், "இஞ்சேருங்கோ, உந்தப் பாதுகாப்புப் படையைக் கொஞ்சம் விலத்துங்கோ, கறிச்சட்டி வைக்க" என்பார். மைதானத்திலோ நிலைமை இன்னும் மோசம். மகன் பந்தை எடுத்தால் இவருடைய வலது கை தானாகப் பின்னுக்குப் போகும். மகன் எறிந்தால் இவரும் எறிவார். பக்கத்தில் இருந்தவர்களின் கோப்பி எத்தனை தரம் பறந்தது என்பதற்குக் கணக்கில்லை. ஆகவே அனுபவசாலிகள் அவருக்கு இடப்பக்கம்தான் உட்காருவார்கள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இந்தக் குஞ்சு உண்மையிலேயே கொஞ்சம் மினுங்கியது. பல்கலைக்கழகத்துக்கு முந்திய சேஜெப் கல்லூரியில் இரண்டாம் வருடம் டனிஸ்ரன்தான் முதல் குவாட்டர்பேக். பேட்டைப் பத்திரிகையில் பிரெஞ்சில் நான்கு வரி வந்தது. கிறிஸ்தோப்பர் அதை வாசிக்கத் தெரியாமலே மனப்பாடம் செய்தார். பிறகு பல்கலைக்கழகம். அங்கே கியூபெக் முழுவதும் இருந்து பொன் குஞ்சுகள் வந்து சேர்ந்திருந்தன. டனிஸ்ரன் இரண்டாம் ஆளானான்.

இரண்டாம் குவாட்டர்பேக்கின் வாழ்க்கை எப்படி என்று கேட்கிறீர்களா? ஒவ்வொரு நாளும் பயிற்சிக்குப் போக வேண்டும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உடுத்திக்கொண்டு நிற்க வேண்டும், தலைக்கவசத்துக்குப் பதிலாகத் தொப்பி போட வேண்டும், அட்டையைப் பிடித்தபடி உள்ளே நிற்பவனுக்குக் கையால் சைகை காட்ட வேண்டும். அவ்வளவுதான். மூன்றாம் வருடம் முதல் ஆளுக்குக் கணுக்கால் சுளுக்கியபோது டனிஸ்ரனுக்குப் பதினொரு நிமிடம் கிடைத்தது. நீளமாக ஒரு பந்து எறிந்தான். எதிரணிக்காரன் அழகாகப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டான்.

"எவ்வளவு தூரம் எறிஞ்சவன் தெரியுமோ!" என்று கிறிஸ்தோப்பர் அதைக் கோயில் வாசலில் சொல்லிக்கொண்டு திரிந்தார். யார் பிடித்தது என்று எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்த வகையினர் பொய் சொல்லமாட்டார்கள், கவனியுங்கள். "டனிஸ்ரன் இல்லாமல் ரீம் ஒரு இடமும் போறேல்லை" என்பார். உண்மைதானே, பஸ்ஸில் அவனும் போகிறான். "கோச் ஒவ்வொரு அடிக்கும் அவனோடைதான் கதைக்கிறார்" என்பார். அதுவும் உண்மை. இப்படி உண்மைகளாகவே அடுக்கி அடுக்கி ஐந்து வருடத்தில் ஒரு பெரிய புளுகைக் கட்டி முடித்துவிட்டார்.

ஐந்து வருடம்தான் ஒரு மாணவன் விளையாடலாம் என்பது விதி. கடைசி வருடத்தின் கடைசி ஆட்டம், ஒக்டோபர் முடிவில், ஒரு சனிக்கிழமை பின்னேரம். "அப்பா, ஆக்களைக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ, பிளீஸ். என்னை உள்ளுக்கு விடமாட்டினம்" என்று டனிஸ்ரன் மூன்று தரம் சொல்லியிருந்தான். கிறிஸ்தோப்பர் மஞ்சள் நிறப் பள்ளி பஸ் ஒன்றைப் பிடித்துத் தங்கள் தேவாலயத்துப் பங்கு மக்கள் நாற்பத்திமூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பதினேழாம் வரிசையில் நடுநாயகமாக அவர். இடப்பக்கம் தியாகலிங்கம், தொழிற்சாலைச் சிநேகிதர், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் சொந்த வீடு, மகள் மருத்துவம் படிக்கிறாள், முருகன் கோயிலில் முன்வரிசை. பின்னால் போர்வையும் பிளாஸ்குமாகப் பங்கு முழுவதும்.

"எங்கையடாப்பா உன்ரை மகன்?"

"அந்தா, தொப்பியோடை. அவன்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கிறான்."

"ஏன் உள்ளுக்கு விடேல்லை?"

"தியாகு, முந்நூற்றிநாலு காட்ஸ் விளையாடேக்கை துரும்பை முதல் கையிலையே இறக்குவாய் என்ன?"

முதல் பாதி முடிந்தது. துரும்பு இறங்கவில்லை. மூன்றாம் கால்பகுதியும் முடிந்தது. பிளாஸ்குகள் காலியாயின. பின்வரிசையில் ஒரு பெண்மணி, "தம்பிக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று யோசெப்பினிடம் இரக்கத்தோடு கேட்டார். கிறிஸ்தோப்பர் திரும்பிப் பார்க்கவில்லை. கேலியை விடுங்கள், அந்த நேரம் அந்த மனிதர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்திமூன்று பேர் முன்னால் புளுகு வெளிப்படும் என்ற பயம் பாதி. மற்றப் பாதி வேறு. மகன் அந்தப் பச்சையில் நிற்பதை இனி ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. அந்தத் துக்கத்தைச் சொல்ல அவருக்கு ஆளில்லை.

முப்பது வினாடி மிச்சம். நான்கு புள்ளி முன்னிலை. பந்தும் நம்மவர்களிடம். ஆனால் முதல் ஆளின் கை குளிரில் விறைத்து இரண்டு தரம் பந்தை நழுவவிட்டிருந்தது. பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தார். டனிஸ்ரன் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைக்கவசத்தைப் போட்டான்.

பதினேழாம் வரிசை எழுந்து நின்றது. "எறியடா மோனை! எறி!" கிறிஸ்தோப்பரின் கை பின்னுக்குப் போய்விட்டது. முன்னிலையில் இருப்பவன் கடைசி வினாடிகளில் எறியமாட்டான், பந்தை அணைத்துக்கொண்டு முழங்காலைத் தரையில் வைத்து நேரத்தைக் கழிப்பான் என்பது மிளகாய்த்தூள் போத்தலுக்கே தெரியும். மேதைக்கு அந்த நேரம் மறந்து போயிற்று.

பந்து வந்தது. டனிஸ்ரன் அதை நெஞ்சோடு அணைத்து, மெதுவாக, ஒரு முழங்காலில் நின்றான்.

எறியத் தூக்கிய கை காற்றிலேயே நிற்க, மகன் செய்ததையெல்லாம் பத்து வருடமாகச் செய்து பழகிய உடம்பு இதையும் செய்தது. கிறிஸ்தோப்பர் சில்லென்ற சீமெந்தில் முழந்தாளிட்டார்.

பின்னால் நின்றவர்கள் யார்? பிறந்த நாள் முதல் தேவாலயத்தில் முன்வரிசை எழும்பினால் எழும்பி, முன்வரிசை முழந்தாளிட்டால் முழந்தாளிட்டு வந்தவர்கள். ஏன் என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. டனிஸ்ரன் இரண்டாம் தரம் பந்தை வாங்கி முழங்கால் வைத்தபோது, பதினேழு முதல் இருபத்தொன்று வரையான வரிசைகள் சிலுவை அடையாளம் போட்டு முழந்தாளில் நின்றன. சுற்றியிருந்த கியூபெக்காரர்கள் என்னவோ ஏதோ என்று தொப்பியைக் கழற்றினார்கள். தனியே நின்ற தியாகலிங்கத்துக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். அரோகரா ஒன்றுதான் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்தது. வெற்றி.

"விளையாட்டு முடிய ஆண்டவருக்கு நன்றி சொல்லுற பிள்ளையை இந்தக் காலத்திலை எங்கை பார்க்கலாம்!" என்று பின்வரிசைப் பெண்மணி கண்ணைத் துடைத்தார். எல்லாவற்றையும் எல்லோருக்கும் விளங்கப்படுத்துகிற கிறிஸ்தோப்பர், இதை அப்படியே விட்டுவிட்டு வேலியடிக்கு இறங்கினார்.

டனிஸ்ரனும் வேலியடிக்கு வந்தான். "எல்லாரும் ஏன் அப்பா முழங்காலிலை நிண்டவை?"

"நீ நிண்டாய், நான் நிண்டன்."

"மற்றாக்கள்?"

"நான் நிண்டன், அவை நிண்டவை."

பிள்ளை சிரித்தான். "கோச் கேட்டவர், உன்ரை அப்பாவுக்கு விளையாட இன்னும் எத்தினை வருசம் மிச்சம் எண்டு." பிறகு சிரிப்பை நிறுத்தி, "எனக்கு முடிஞ்சுதப்பா" என்றான்.

கிறிஸ்தோப்பர் வேலிக்கு மேலால் கையை நீட்டி மகனின் தலையைத் தடவினார். பத்து வருடத்தில் அந்த வலது கை செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான் என்று யோசெப்பின் இன்றைக்கும் சொல்வார்.

பிள்ளைகளுக்கு ஐந்து வருடம் என்று விதி வைத்தவர்கள், இந்த இரண்டாம் வகையினருக்கு ஒரு விதியும் வைக்கவில்லை. டனிஸ்ரன் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியனாக வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான். நேர்முகத் தேர்வுக்கு மிளகாய்த்தூள் போத்தலை வைத்து வியூகம் நடப்பதாகக் கேள்வி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் மகள் மேடையில் ஆடும்போது நாற்காலிக்குக் கீழே தாளம் போடுவது யாருடைய கால்? மகன் மேடையில் பேச்சை மறந்து விழித்தபோது முன்வரிசையில் அசைந்த உதடு யாருடையது? பதில் சொல்ல வேண்டாம். அடுத்த தரம் பக்கத்தில் இருப்பவர் கோப்பியைத் தூக்கிக்கொண்டு உங்களுக்கு இடப்பக்கம் மாறி உட்கார்ந்தால், காரணத்தை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.