எறங்கு ஏட்டின் தண்டனைக் கணக்கு

கொடைக்கானல் மலைப்பாதையில் பழுத்த டிரைவர்களை எல்லாம் ஒரே வருஷத்தில் கத்துக்குட்டிகளாக்கிய பெருமை எறங்கு ஏட்டு ஒருவரையே சேரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு செக்போஸ்ட்டுக்கு அவர்தான் ஹெட் கான்ஸ்டபிள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. வண்டியை நிறுத்தி, வயசு பார்க்காமல் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "எறங்கு."

செக்போஸ்ட்டுக்குச் சற்று மேலே ஒரு கொண்டை ஊசி வளைவு. அதில் ஹாரன் அடிக்காமல் திரும்பியவர்கள், பெட்ரோல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்துவிட்டு உருண்டு வந்தவர்கள், எல்லோருக்கும் ஒரே தண்டனை. வளைவு வரை நடந்து ஏறி, 'பாம், பாம்' என்று வாயால் ஹாரன் அடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். மறுத்தால் கேஸ், கோர்ட்டுக்கு அலைந்தே ஒரு நாள் போய்விடும். அதனால் நடந்தார்கள்.

எத்தனை நடை என்பதில்தான் சிக்கல். லைசென்ஸ் வாங்கி எத்தனை வருஷமோ, அத்தனை நடை.

நான் அப்போது கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒருவருடைய டாக்ஸியை ஓட்ட ஆரம்பித்திருந்தேன். முதல் வாரமே ஹாரன் அடிக்க மறந்தேன்.

"லைசென்ஸ் எடுத்து எம்புட்டு நாளாச்சு?"

"ஆறு மாசங்க."

ஏட்டு யோசித்தார். "அப்ப பாதி தூரம் போ. அங்கனயே நின்னு அடிச்சிட்டு வா."

நடுவழியில் நின்று நான் 'பாம், பாம்' என்றதைப் பிரார்த்தனை என்று நினைத்து, டாக்ஸியில் இருந்த வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

அடுத்து மாட்டியவர் பஸ் டிரைவர் மாரியப்பண்ணன். "இருபத்திரண்டு வருஷ சர்வீசுங்க" என்றார் பெருமையாக.

"இருபத்திரண்டு" என்றார் ஏட்டு.

"இந்தப் பயலுக்கு அரை, எனக்கு இருபத்திரண்டா? என்னங்க நாயம் இது?"

"அவனுக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சதுக்குத் தகுந்தாப்புல நடங்க."

அதன் பிறகு மலையில் அனுபவசாலிகள் அருகிப்போனார்கள். ஏட்டு லைசென்ஸைப் புரட்டிப் பார்க்க மாட்டார். கேட்டால், "பொய் சொல்றவன மலை பாத்துக்கிரும்" என்பார். அந்தத் தைரியத்தில் ஒருநாள் மாரியப்பண்ணன் நரைத்த மீசையோடு, "போன மாசந்தாங்க ஓட்டப் பழகினேன்" என்று சொல்ல, பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் மூட்டையோடு இறங்கிவிட்டார்கள்.

அவமானம் தாங்காமல் அவர் ஏட்டை மாற்றச் சொல்லி ஒரு மனு எழுதினார். டிரைவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

மனுவைக் கொடுக்க இருந்த வாரம், நான் காலி டாக்ஸியோடு ஏறிக்கொண்டிருந்தேன். அதே வளைவில் மேலிருந்து வந்த சைக்கிள் ஒன்று என் பானட்டில் மோதியது. ஓரத்து வாய்க்காலில் போய் விழுந்தவர் ஏட்டு. முழங்காலில் ரத்தம். எழுந்து, தொப்பியைத் தேடி வைத்துக்கொண்டு கேட்டார்:

"நான் பெல் அடிச்சேனா?"

"காத்துல எனக்குக் கேக்கலைங்க."

"பொய் சொல்லாத. அடிக்கல." விரல் விட்டு எண்ணினார். "பதினோரு வயசுல சைக்கிள் பழகினது. முப்பத்தாறு வருஷம்."

செக்போஸ்ட்டுக்கு இறங்கிப் போய், அங்கிருந்து நடக்க ஆரம்பித்தார். வளைவுக்குப் போய், 'ட்ரிங், ட்ரிங்' என்று சத்தம் கொடுத்துவிட்டு இறங்கினார். மறுபடி ஏறினார். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. மனுவைச் சட்டைப் பையில் வைத்திருந்த மாரியப்பண்ணன் சந்தோஷமாக உரக்க எண்ணினார். பன்னிரண்டாவது நடையில் ஏட்டின் கால் இழுத்தது. மாரியப்பண்ணன் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"போதும் ஏட்டய்யா. மிச்சத்த நாங்க நடந்துக்கிறோம்."

"ஆள் மாத்திக்கிறதுக்கு இது என்ன டூட்டியா?"

"அப்ப கூட வாரோம். ரோடு பொதுதானங்க."

மீதி இருபத்துநாலு நடையும் அந்தச் சரிவில் ஏழு டிரைவர்கள் ஏட்டுக்குப் பின்னால் 'ட்ரிங், ட்ரிங்' என்று போய்வந்தோம். மறுநாள் மாரியப்பண்ணன் பஸ் கண்ணாடியில் படிந்த பனியை ஒரு காகிதத்தால் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் என் கையெழுத்து தெரிந்தது.

சில வருஷம் கழித்து ஏட்டு ஓய்வு பெற்றபோது, அவரை நான்தான் டாக்ஸியில் கீழே கொண்டுபோய் விட்டேன். முன் சீட்டில் உட்கார்ந்தவர் இரண்டு வளைவு தாண்டியதும் தூங்கிவிட்டார். மலையில் யாருடைய வண்டியிலும் அவர் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட் வந்தது. எழுப்ப மனசு வராமல், நான் நிறுத்தாமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன்.