மாசில்லாத மனப்பாடம்

மனித மூளையின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: என் மைத்துனர் எங்கள் சபைக்கு வருவதற்கு முன், வந்ததற்குப் பின். சபையின் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

முன்பு எங்கள் நிலைமை வெட்கக்கேடு. அந்த ஆண்டு முழுவதும் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டிய வேத வசனம் ஒரே ஒரு வரி. துன்பப்படுகிற விதவைகளை ஆதரிப்பதே மாசில்லாத பக்தி என்பது அதன் சாரம். ஆலயச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தோம். ஆனாலும் பொருளாளர் "துன்பப்படுகிற..." என்று ஆரம்பித்துவிட்டு மின்விசிறியைப் பார்ப்பார். போதகரே கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொள்வார்.

"தப்பு உங்க மேல இல்ல அத்தான்," என்றார் 'நினைவாற்றல் நிபுணர்' ஆகிய மைத்துனர். "தினம் பாக்குற எழுத்தைக் கண்ணு படிக்கவே படிக்காது. தெரிஞ்சதுதானேன்னு தாண்டிப் போயிரும். வார்த்தைய ஒரு முகத்தோட சேத்துக் கட்டணும். அப்பதான் மூளை விடாது."

இதற்கு ஒரு பயிற்சி அறை வேண்டுமல்லவா? ஆலயத்தின் பின்னால் இருந்த ஒற்றை அறையை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தோம். அதில் ஒரு சிறு இடையூறு குடியிருந்தது. ஆலய மணி அடித்துவந்தவர் போன மாதம் இறந்துவிட, அவர் மனைவி மணியக்கா அங்கேயே தங்கியிருந்தார். காலி செய்யும்படி எழுத்துமூலம் 'கனிவுடன்' கேட்டுக்கொண்டோம்.

ஞாயிறன்று ஆராதனை முடிந்து எங்கள் நிர்வாகக் குழு கூடியிருந்தபோது, மணியக்கா மூட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, எனக்கு வேற போக்கிடம் இல்லீங்க. ஒரு மூலையில கிடந்துக்கறேன்." கண் கலங்கியிருந்தது.

மைத்துனர் துள்ளி எழுந்தார். "அத்தான், முகம் கிடைச்சிருச்சு! அக்கா, அப்படியே நில்லுங்க. கண்ணைத் துடைக்காதீங்க. மூட்டையைக் கொஞ்சம் மேல தூக்குங்க. எல்லாரும் அக்காவைப் பாத்துக்கிட்டே வசனத்தைச் சொல்லுங்க!"

சொன்னோம். அதிசயம்! சொந்தக் கல்யாண நாளையே மறக்கிற பொருளாளர் கடகடவென்று ஒப்பித்தார். போதகர் பரவசத்தில் இரண்டு தரம் சொன்னார். எனக்கே உடம்பு சிலிர்த்தது.

"அப்ப, ரூம்?" என்றார் மணியக்கா.

"நடுவுல பேசாதீங்கக்கா, கவனம் சிதறும்," என்றார் மைத்துனர்.

மணியக்காவின் 'சேவை'யைப் பாராட்டி உடனே நன்றித் தீர்மானம் நிறைவேற்றினோம். அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். அவர் போகப் போகப் பொருளாளருக்கு வசனத்தின் பின்பாதி மங்கத் தொடங்கியது. மனுஷர் பதறிப்போய்த் தெருவுக்கே ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

"மணியக்கா! நில்லுங்க, நில்லுங்க!"

மணியக்கா திரும்பினார். முகத்தில் அப்படியொரு நம்பிக்கை. "ரூம் குடுத்துட்டீங்களா ஐயா?"

"அது இல்லக்கா. 'ஆதரிப்பதே'க்கு அப்புறம் மறந்துபோச்சு. கொஞ்சம் முகத்தைக் காட்டுங்க."

காட்டினார். அந்த முகத்துக்கு நேரே, ஓர் எழுத்துப் பிசகாமல், வசனம் முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் நாங்கள் அவரைத் துரத்தினோம்.