மிளகுக்கொடிக்குக் கீழே கிடப்பது

கறம்பக்குடி,
வியாழக்கிழமை.

அன்பிற்குரிய மாப்பிள்ளை சிவபிரகாஷ் அவர்களுக்கு, மாமனார் சோலையப்பன் எழுதிக்கொள்வது. குவைத் வெயில் உங்களை வாட்டாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. போனில் சொல்லலாமென்றால் காவ்யா பக்கத்திலேயே இருக்கிறாள். அதனால்தான் நாளை அங்கே திரும்பும் நல்லதம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கேரளாவிலிருந்து வாங்கிவந்து பலாமரத்தில் ஏற்றிய மிளகுக்கொடியின் இலை பழுத்துப்போகிறதே என்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடிமண்ணைக் கிளறினேன். மண்ணோடு ஒன்று புரண்டது. கட்டைவிரல் பருமன், ஒரு முழ நீளம், கத்தரிக்காய் நிறம், இரு பக்கமும் மஞ்சள் கோடு, மண்புழு மாதிரி உடம்பெல்லாம் வளையம். கால் இல்லை. கண் எங்கே என்று தெரியவில்லை, ஆனாலும் என்னையே பார்ப்பது போல இருந்தது. விரலில் பட்டுவிட்டது மாப்பிள்ளை, பிசுபிசுவென்று ஒட்டியது. இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்து எத்தனையோ ரகளையைப் பார்த்தவன், மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்க கடிச்சுச்சு?”

“கடிக்கலைங்க. தொட்டுச்சு.”

“அப்ப எதுக்கு வந்தீங்க?”

பிரஷர் நூற்றெழுபது இருந்தது. அதற்கு மாத்திரை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் அங்கேதான் பெரிய பயம். பக்கத்து வீட்டு ஆண்டிச்சாமி அண்ணன் குழியில் ஊற்றக் கொதிக்கிற வெந்நீரோடு நிற்கிறார். காவ்யா எட்டு மாத வயிற்றோடு குழியை மறித்து நிற்கிறாள்.

“அங்கிட்டே நில்லுங்க பெரியப்பா. அது முட்டையைச் சுத்திக்கிட்டுக் கெடக்கு.”

படம் எடுத்துத் தன் கல்லூரி விலங்கியல் டீச்சர் ஷீபாவுக்கு அனுப்பிவிட்டாளாம். அது பாம்பே இல்லையாம், தவளைக்குச் சொந்தமாம், பெயர் சிசிலியனாம். கரையானையும் மண்புழுவையும் தின்றுகொண்டு மண்ணுக்குள்ளேயே வாழுமாம். குஞ்சு பொரியும்வரை தாய் முட்டையை விட்டு நகராதாம். கால் இல்லாத தவளை என்றால் எனக்குப் பயம் குறையுமா, கூடத்தான் செய்கிறது. இவள் அதன்மேல் ஈரச்சாக்கைப் போட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறாள். அந்தச் சேற்றில் அவள் கால் வைக்கும்போதெல்லாம் வழுக்கிவிடுமோ என்று எனக்கு உயிர் போய் வருகிறது. போன தடவை நாலாம் மாதத்தில் நாம் பட்டது போதும். இதைச் சொன்னால், “அதுனாலதான்ப்பா” என்கிறாள்.

ஆகவே கிடைக்கிற விமானத்தில் வந்து, அவளைப் புதுக்கோட்டையில் உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள். அவள் கிளம்பியதும் மற்றதை ஆண்டிச்சாமி அண்ணன் பார்த்துக்கொள்வார்; சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் அத்தை மிகவும் விசாரித்தாள். திருவரங்குளத்துச் சிவன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
சோலையப்பன்

பி.கு.: மாப்பிள்ளை, விடிந்ததும் ஆண்டிச்சாமி அண்ணன் பொறுக்காமல் வெந்நீரோடு வந்துவிட்டார். காவ்யா அசந்து தூங்குகிறாள். “ஊத்திரவா?” என்றார். ஊற்றுங்கள் என்று சொல்லத்தான் போனேன். எப்படியோ சாக்குக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். அவர் இன்னும் போகவில்லை, நானும் நகரவில்லை. நின்றபடியே இதை எழுதுகிறேன். நீங்கள் அவசரப்பட்டு வர வேண்டாம். குஞ்சு பொரிக்க எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் அந்த ஷீபா டீச்சரிடம் விசாரித்துச் சொல்லுங்கள்.