நிபுணர் வீட்டு அடுப்பு

அடுப்பு கீச் கீச்சென்று கத்தியதே தவிர சூடேறவில்லை. எதிரே நின்றவர் அசரவில்லை. இண்டக்ஷன் அடுப்புக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுப்பவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துபவரே அவர்தான். ஆபீசில் அவருக்கு வாத்தியார் என்று பெயர். பக்கத்து வீட்டு அடுப்பு கத்தினால்கூடக் கூப்பிடாமலே போய் நிற்பார்.

மாலையில் மேனேஜர் குடும்பத்தோடு சாப்பிட வருகிறார். பயிற்சிப் பிரிவுத் தலைவர் பதவி யாருக்கு என்பது அவர் கையில் இருக்கிறது. அதனால் தம் கையாலேயே சூப்பு வைத்து அவரை அசத்துவதென்று வாத்தியார் முடிவுகட்டியிருந்தார். தானே சமைத்துவிடுவதாக மனைவி எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஆபீஸ் விழாவில் அவர் வைத்த சூப்பை மேனேஜர் ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டதை அவள் பார்த்திருந்தாள். தம் கைப்பக்குவத்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை, கம்பெனி அடுப்புக்குக் கொடுக்கும் உத்தரவாதத்தைவிடப் பெரியது.

"அலுமினியப் பாத்திரத்துல காந்தம் ஒட்டாது. அடுப்பு ஏத்துக்காது. எவர்சில்வர் பாத்திரமெல்லாம் எங்கே?"

"மாடி வீட்டுல கேட்டாங்கன்னு கொடுத்துட்டேங்க," என்றாள் மனைவி.

இதற்கெல்லாம் மசிகிற ஆளா அவர்? தட்டையான இரும்பு வாணலியை அடுப்பில் வைத்து, அதன்மேல் அலுமினியப் பாத்திரத்தை ஏற்றினார். அடுப்பு ஒப்புக்கொண்டது. வெற்றிப் புன்னகையோடு திரும்பினால், மனைவி போனும் கையுமாகப் பால்கனிக்குப் போய்விட்டிருந்தாள். பாராட்ட ஆளில்லாதது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள் அடுப்பு அணைந்திருந்தது. பொத்தான்கள் பூட்டியிருப்பதைக் காட்டும் விளக்கு எரிந்தது. துடைக்கும்போது கை பட்டிருக்கும் என்று மனைவிக்கே ஆறுதல் சொல்லி, பொத்தானை அழுத்திப் பிடித்துத் திறந்தார். அவள் மறுபடியும் பால்கனிக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அணைந்தது. குனிந்து பார்த்தால், அடியில் காற்று போகும் துளைகளை ஒரு கைப்பிடித் துணி அடைத்துக்கொண்டிருந்தது. அதை உருவிய வேகத்தில் பாத்திரம் சாய்ந்து பாதி சூப்பு மேடையில் ஓடியது. மீதியில் தண்ணீரை ஊற்றி ஈடுகட்டினார். அடுப்பின் சூடு தணியட்டும் என்று மேசை விசிறியைத் திருப்பி வைத்தார். திறந்து கிடந்த டப்பாவிலிருந்து மிளகுத்தூள் அப்படியே பறந்து சூப்பில் இறங்கியது.

"காரசாரமா இருக்கும்," என்றார் தும்மிக்கொண்டே.

அதற்கப்புறம் அடுப்பில் மூச்சுப் பேச்சே இல்லை. வேறு பிளக் பாயிண்டில் மாட்டிப் பார்த்தார். டப்பென்று ஒரு சத்தம். வீட்டில் இருந்த விளக்கு, விசிறி எல்லாம் நின்றுபோயின. மேனேஜர் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அரைவேக்காட்டு சூப்பை வாத்தியார் எட்டிப் பார்த்தார். பதவி போச்சு என்றே நினைத்தார்.

வெட்கத்தைப் பார்த்தால் முடியாது. குரலை மாற்றிக்கொண்டு தம் கம்பெனிக்கே போன் செய்தார். எடுத்தவள் அவரிடமே பயிற்சி பெற்ற பெண். எல்லாக் கோளாறுகளையும் வரிசையாகக் கேட்டுவிட்டு அவள் பெருமூச்சு விட்டாள்.

"சார், குரலை மாத்தாதீங்க. நீங்க ஒண்ணைச் சரி பண்ணினதும் அடுத்து எதைக் கெடுக்கலாம்னு காலையிலேருந்து மேடம் எங்களைத்தான் கேட்டுட்டு இருக்காங்க; மறைக்காம சொல்லிக் கொடுங்கன்னு சொன்னதே, இன்னைக்கு உங்க வீட்டுல சாப்பிட வர்ற மேனேஜர்தான்."